பாங்காக் டாக்ஸி, டுக்-டுக், படகு: எதில் ஏறலாம், எதில் ஏறினால் பர்ஸ் காலி

சென்னையிலிருந்து பாங்காக் போகிறவர்கள் விமானத்தையும் ஹோட்டலையும் வாரக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்து இரண்டாயிரம் ரூபாய் மிச்சம் பிடிப்பார்கள். இறங்கிய ஒரு மணி நேரத்தில் அதை டாக்ஸியில் விட்டுவிடுவார்கள். அதற்காக அந்த ஊர் டாக்ஸியே மோசம் என்று சொல்லிவிட முடியாது. விமான நிலைய வரிசையில் நிற்கும்போது ஒழுங்காக மீட்டர் போடும் அதே கார், கிராண்ட் பேலஸ் அரண்மனை வாசலில் நிற்கும்போது மூன்று மடங்கு கேட்கும். வண்டி எங்கே நிற்கிறது, யாருக்காகக் காத்திருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கீழே ஒவ்வொரு சேவைக்கும் மதிப்பெண் போட்டிருக்கிறோம். இது சொகுசுக்கான மதிப்பெண் கிடையாது; ஏமாறாமல் போய்ச் சேரும் வாய்ப்புக்கானது. கணக்குப் போட வசதியாக, ஒரு பாட் ஏறத்தாழ இரண்டரையிலிருந்து மூன்று ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விமான நிலைய மீட்டர் டாக்ஸி: 5க்கு 4

பாங்காக்கின் முக்கிய விமான நிலையமான சுவர்ணபூமியில் வருகைக் கூடம் 2ஆம் தளம். சுங்கத்தைத் தாண்டி வெளியே வந்ததும் பிளாஸ்டிக் உறை போட்ட விலைப்பட்டியலைக் காட்டி "டாக்ஸி? எங்கே போகணும்?" என்று கேட்பவர்கள் யாரும் மீட்டர் டாக்ஸிக்காரர்கள் இல்லை. அங்கேயே இருக்கும் லிமோசின் கவுண்ட்டர் முறையான சேவைதான், ஆனால் கட்டணம் மீட்டர் டாக்ஸியைப் போல இரண்டு மூன்று மடங்கு வரும். நீங்கள் தேட வேண்டியது 1ஆம் தளம். அங்கே 4 முதல் 7 வரை எண் போட்ட கதவுகளுக்கு வெளியே தானியங்கி இயந்திரங்கள் வரிசையாக இருக்கும். வண்டி வகையைத் தொட்டால் ஒரு சீட்டு வரும். சீட்டில் பெரிதாக அச்சாகியிருக்கும் எண்தான் உங்கள் வண்டி நிற்கும் தடம். குறுகிய தூரத்துக்கான பொத்தான் விமான நிலையத்தைச் சுற்றியுள்ள ஹோட்டல்களுக்குப் போகிறவர்களுக்கானது. நகருக்குள் போகிறவர்கள் அதைத் தொட்டால் டிரைவரோடு தகராறில்தான் பயணம் தொடங்கும்.

அந்தச் சீட்டைப் பயணம் முடியும்வரை கையில் வைத்திருங்கள். வண்டியின் விவரமும் புகார் செய்யும் வழியும் அதில்தான் இருக்கின்றன. சில டிரைவர்கள் ஏறியதுமே சாதாரணமாகக் கையை நீட்டிச் சீட்டைக் கேட்பார்கள். கொடுத்துவிட்டால் அப்புறம் உங்களிடம் ஆதாரம் இல்லை. "ஹோட்டலில் தருகிறேன்" என்று சிரித்துச் சமாளித்துவிடுங்கள். அல்லது கேட்பதற்கு முன்பே போட்டோ எடுத்துவிடுங்கள்.

இனி காசு. சாதாரணக் காருக்கு மீட்டர் 35 பாட்டில் தொடங்கும், அது முதல் கிலோமீட்டருக்கு. பெரிய கார் என்றால் 40. அதன் பிறகு 10 கிலோமீட்டர் வரை கிலோமீட்டருக்கு 6.50, 20 வரை 7, 40 வரை 8 பாட். நெரிசலில் வண்டி நகராமல் கிடந்தால் நிமிடத்துக்கு 3 பாட் தனியாக ஓடும். சுவர்ணபூமியிலிருந்து பிரதுனாம் அல்லது சுகும்வித் பகுதிக்குச் சுமார் 30 கிலோமீட்டர். முதல் கிலோமீட்டருக்கு 35, அடுத்த 9க்கு 58.50, அடுத்த 10க்கு 70, கடைசி 10க்கு 80. மொத்தம் 243.50. இருபது நிமிடம் நெரிசல் என்றால் 60 சேரும். மீட்டரில் ஏறத்தாழ 300 காட்டும். அதற்கு மேல் விமான நிலையக் கூடுதல் கட்டணம் 50, டோல் வழக்கமாக 25ம் 50மாக இரண்டு இடத்தில். ஆக 425க்குப் பக்கம். மாலை நெரிசலில் 500ஐத் தொடலாம். மழை நாளில் அதையும் தாண்டலாம், அதற்கு டிரைவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இந்தக் கணக்கு மனதில் இருந்தால் "ஐநூறு, டோல் உட்பட" என்று சொல்பவரையும் "எண்ணூறு, டோல் தனி" என்று சொல்பவரையும் பிரித்துப் பார்க்க முடியும். முதலாவது பேராசை இல்லை. கைக்குழந்தையோடு நள்ளிரவில் இறங்கினால் ஒப்புக்கொண்டு போவதில் தப்பில்லை. இரண்டாவதுக்கு இறங்கிவிட வேண்டும். மீட்டர் கெட்டுப்போய்விட்டது என்று வரிசையில் நிற்கும் டிரைவர் சொன்னால், பெட்டி டிக்கியில் ஏறுவதற்கு முன்பே சீட்டோடு பக்கத்திலிருக்கும் ஊழியரிடம் போங்கள். வேறு வண்டிக்கு மாற்றிவிடுவார்கள். பெட்டி ஏறிய பிறகு பேரம் பேசும் பலம் உங்களிடம் இருக்காது. அதனால்தான் பெட்டியை ஏற்றுவதில் அவ்வளவு அவசரம் காட்டுவார்கள்.

டோலில் ஒரு சின்ன வித்தை உண்டு. சாவடி நெருங்கும்போது டிரைவர் "நூறு" என்பார். சாவடித் திரையில் 50 என்று தெரியும். நூறு பாட் நோட்டாகக் கொடுத்தாலும் மீதியை அங்கேயே கேட்டு வாங்குங்கள், கடைசியில் கணக்குப் பார்க்கலாம் என்று விட வேண்டாம். இன்னொன்று: 50 பாட் கூடுதல் கட்டணம் விமான நிலையத்திலிருந்து ஏறும்போது மட்டும்தான். ஊர் திரும்பும் நாளில் ஹோட்டலிலிருந்து விமான நிலையம் போகும்போது அதைக் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

மூன்றாவது சில்லறை. ஏடிஎம்மும் பணமாற்றுக் கடையும் 1000 பாட் நோட்டாகவே தள்ளும். 430 பாட் பயணத்துக்கு அதை நீட்டினால் "சில்லறை இல்லை" என்ற பதில் வருவதில் ஆச்சரியமில்லை. கீழே இறங்குவதற்கு முன் விமான நிலையத்தில் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கி நோட்டை உடைத்துவிடுங்கள். 500 நோட்டு ஊதா, 100 சிவப்பு, 20 பச்சை. கொடுக்கும்போது தொகையைச் சத்தமாகச் சொல்லிக் கொடுப்பது நல்ல பழக்கம். "நீ கொடுத்தது நூறு" என்ற வாதத்துக்கு இடமிருக்காது.

இவ்வளவு இருந்தும் 4 மதிப்பெண் ஏன்? சீட்டு இருக்கிறது, வண்டி பதிவாகியிருக்கிறது, தகராறு வந்தால் ஆள் இருக்கிறார்கள். இந்த மூன்றும் நகருக்குள் கிடைக்காது. டான் முவாங் விமான நிலையத்தில் இறங்குகிறவர்களுக்கும் இதே முறைதான், அதே 50 பாட். அங்கே கூட்டம் அதிகமாக இருந்தால் மோ சிட் ரயில் நிலையத்துக்குப் போகும் ஏ1 பஸ்ஸில் 30 பாட்டில் போய்விடலாம்.

ஏர்போர்ட் ரயில்: 4.5

ஒன்றிரண்டு பேராக, கைப்பெட்டியோடு வருகிறவர்களுக்கு இதற்கு நிகர் கிடையாது. சுவர்ணபூமியின் அடித்தளத்திலேயே நிலையம். கடைசி நிறுத்தமான பயா தாய் வரை 45 பாட், அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரும், அங்கே பிடிஎஸ் வான்ரயிலுக்கு மாறலாம். நடுவில் மக்கசானில் இறங்கினால் எம்ஆர்டி சுரங்க ரயில். இயந்திரத்தில் காசு போட்டால் டோக்கன் வரும், பேச்சுக்கே இடமில்லை. பேச்சில்லாத இடத்தில் ஏமாற்றும் இல்லை. நள்ளிரவோடு நின்று, விடிகாலை 5.30 மணியளவில் மீண்டும் தொடங்கும். சென்னையிலிருந்து இரவு கிளம்பி விடியலில் இறங்குகிறவர்களுக்குப் பொருத்தமான நேரம். அரை மதிப்பெண் குறைத்தது, காலை மாலை நெரிசலில் பெரிய பெட்டியோடு ஏறுவது தண்டனை என்பதால்.

அதே அடித்தளத்தில் ரயில் நிலையத்தின் பக்கத்தில் இருக்கும் பணமாற்றுக் கடைகளில் மேலே வருகைக் கூடத்தில் இருப்பவற்றைவிட நல்ல விலை கிடைக்கும். ரயிலில் போகாதவர்களும் இதற்காக ஒரு நடை இறங்கிப் போகலாம்.

நகருக்குள் டாக்ஸி: ஓடுவது 3, நிற்பது 1

கண்ணாடியில் சிவப்பு விளக்கு எரிந்தால் வண்டி காலி. சாலையில் ஓடிக்கொண்டிருக்கும் காலி டாக்ஸியைக் கையைக் காட்டி நிறுத்துங்கள். கதவைத் திறந்து இடத்தைச் சொல்லி, "மீட்டர்?" என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். டிரைவர் தலையாட்டி மறுத்தால் கதவைச் சாத்திவிட்டு அடுத்த வண்டி. மூன்று வண்டிக்குள் ஒருவர் ஒத்துக்கொள்வார். ஏறியதும் திரையில் 35 அல்லது 40 காட்டுகிறதா என்று பாருங்கள். முந்தைய பயணத்தின் தொகை அப்படியே ஓடிக்கொண்டிருக்கக் கூடாது.

அரண்மனை, காவ் சான் சாலை, பெரிய மால்கள், நானா பக்கத்து இரவு விடுதிகள் ஆகிய இடங்களில் ஓரமாக நிறுத்திவிட்டு வெளியே நின்று கூப்பிடுகிற டாக்ஸிகள் வேறு இனம். ஒரு மணி நேரம் சும்மா நிற்பதற்கான கூலியையும் சேர்த்துத்தான் அவர்கள் விலை சொல்கிறார்கள். 80 பாட் தூரத்துக்கு 300 கேட்பது அங்கே நடைமுறை. பேரம் பேசிக் குறைப்பதைவிட நூறு மீட்டர் நடந்து பெரிய சாலைக்குப் போவது சுலபம்.

டிரைவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். பாங்காக்கில் மீட்டர் வந்தது 1992இல். அன்று தொடக்கக் கட்டணம் 35 பாட், சாதாரணக் காருக்கு இன்றும் அதேதான். முழுக்க ஒரே நிறத்தில் ஓடும் டாக்ஸிகளில் பல நிறுவனங்களிடம் வாடகைக்கு எடுத்தவை. ஷிஃப்ட் முடியும்போது வாடகையும் எரிவாயுச் செலவும் கட்டியாக வேண்டும். பச்சை மஞ்சள் நிறம் என்றால் பெரும்பாலும் சொந்த வண்டி. நெரிசலில் நிமிடத்துக்கு 3 பாட் என்பது வாடகை வண்டிக்காரருக்குக் கட்டுபடியாகாது. மாலை ஐந்து மணிக்கு மழையில் உங்களை மறுத்துவிட்டுப் போகிறவரைத் திருடன் என்று திட்டுவதைவிட, அந்த நேரத்தில் வான்ரயிலில் போவது புத்திசாலித்தனம்.

ஆப் வண்டிகள் விஷயம் சுருக்கம். கிராப் 4, போல்ட் 3.5. தொகை முன்கூட்டியே தெரியும், இடம் சொல்லிப் புரியவைக்கும் தொல்லை இல்லை. போல்ட் விலை குறைவு, ஆனால் காத்திருப்பு கூடும். சில டிரைவர்கள் "கேன்சல் பண்ணுங்கள், கையில் கொடுங்கள்" என்று செய்தி அனுப்புவார்கள். ரத்து செய்தால் பயணத்துக்குப் பதிவே இருக்காது, செய்யாதீர்கள். டோல் பெரும்பாலும் தனி. இந்திய கார்டு சில நேரம் ஏற்காது என்பதால் ரொக்கத்தைத் தேர்ந்தெடுத்துவிடுவது நிம்மதி. வண்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைச் சரிபார்க்காமல் ஏறாதீர்கள். உங்கள் பெயரைக் கேட்டுத் தலையாட்டுகிறவர்கள் எல்லாம் உங்கள் டிரைவர் ஆகிவிட மாட்டார்கள்.

சுகும்வித் சாலையில் ஹோட்டல் எடுத்தவர்கள் கவனிக்க: ஒற்றைப்படை எண் சந்துகள் ஒரு பக்கம், இரட்டைப்படை எதிர்ப்பக்கம். நான்காம் சந்துக்கு எதிரே ஐந்து இருக்கும் என்று நம்ப முடியாது, எண்கள் இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. தவறான பக்கத்தில் இறக்கிவிட்டால் யு-டர்ன் எடுக்க இருபது நிமிடம் ஆகும். ஹோட்டலின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் தாய் எழுத்தில் உள்ள முகவரியோடு போனில் சேமித்து வைத்துக் காட்டுங்கள்.

டுக்-டுக்: சவாரிக்கு 3, ஊர் சுற்றிக்காட்ட 0

இரவு எட்டு மணிக்கு, இரண்டு கிலோமீட்டர் தூரத்துக்கு, விலை பேசி ஏறினால் டுக்-டுக் என்ற அந்த ஊர் ஆட்டோ ஜாலியான வண்டி. மீட்டர் கிடையாது. சின்ன தூரத்துக்கு 100 பாட்டுக்குள் முடித்தால் நல்லது. விலை நபருக்கா வண்டிக்கா என்பதை விரலைக் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். டாக்ஸியைவிட மலிவு என்ற எண்ணம் மட்டும் வேண்டாம், வெளிநாட்டவருக்குப் பெரும்பாலும் டாக்ஸிதான் மலிவு.

"ஒரு மணி நேரம், இருபது பாட்" என்பதுதான் பூஜ்ஜியம் வாங்கிய சேவை. அது எப்படி நடக்கிறது என்று விலாவாரியாகப் பார்க்கலாம், ஏனென்றால் பாங்காக்கில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான பாட் போகும் வழி இதுதான்.

களம் அரண்மனைச் சுவர் ஓரம். அங்கே ஒருவர் பேச்சுக் கொடுப்பார்: இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, நல்ல ஆங்கிலம். வண்டி ஓட்டுபவர் போலவே இருக்க மாட்டார். ஆசிரியர் என்றோ அரசு ஊழியர் என்றோ சொல்வார். எந்த நாடு, எத்தனை நாள் தங்கல் என்று விசாரித்துவிட்டு, வருத்தமான முகத்தோடு "இன்று புத்தர் விழா, அரண்மனை மதியம் ஒரு மணிக்குத்தான் திறக்கும்" என்பார். உங்கள் வரைபடத்தை வாங்கிப் பேனாவால் மூன்று வட்டம் போடுவார்: நின்ற புத்தர், அதிர்ஷ்ட புத்தர், நடுவில் ஒரு "ஏற்றுமதி மையம்". இன்று அரசு விடுமுறை என்பதால் டுக்-டுக் 20 பாட்தான் என்பார். சொல்லி முடிப்பதற்குள் ஒரு டுக்-டுக் பக்கத்தில் வந்து நிற்கும்.

முதல் கோவிலில் ஒன்றும் நடக்காது, நிம்மதியாகக் கும்பிடலாம். இரண்டாவது கோவிலில் தற்செயலாக உட்கார்ந்திருக்கும் இன்னொரு கண்ணியமான மனிதர் பேச்சுக் கொடுப்பார். நீலக்கல் வாங்கி ஊரில் விற்று மகனைப் படிக்கவைத்ததாகவோ, வரிச்சலுகை இன்றோடு முடிவதாகவோ சொல்வார். அவருக்கும் டுக்-டுக்காரருக்கும் அறிமுகமே இல்லாத மாதிரி இருக்கும். இந்த இரண்டாம் ஆள்தான் மொத்த ஏற்பாட்டின் உயிர்நாடி. ஒருவர் சொன்னால் சந்தேகப்படுவோம், தொடர்பில்லாத இருவர் ஒரே விஷயத்தைச் சொன்னால் நம்பிவிடுவோம். மூன்றாவது நிறுத்தம் நகைக்கடை. சில சமயம் தையல் கடை, 24 மணி நேரத்தில் கோட் சூட்.

கடையில் காட்டும் கல் போலி என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் உண்மையான நீலக்கல்லோ சிவப்புக்கல்லோதான், தரம் மட்டும் அடிமட்டம். விலை அதன் மதிப்பைப் போலப் பல மடங்கு. சான்றிதழ் கடைக்காரரே அச்சடித்தது. "ஊரில் இரட்டிப்பு விலைக்குப் போகும்" என்று யார் சொன்னாலும் ஒரே கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: அப்படியானால் அவரே ஏன் ஊருக்கு ஊர் போய் விற்கவில்லை? வாங்கிய கல்லைச் சுங்கத் தொல்லை இல்லாமல் தபாலில் அனுப்பிவைக்கிறோம் என்பதும் உதவி மாதிரித்தான் தெரியும். உண்மையில் அது நீங்கள் பாங்காக்கில் இருக்கும்போதே வேறு யாரிடமும் காட்டிவிடாமல் இருப்பதற்கான ஏற்பாடு. தாய்லாந்து அரசு நகைக்கடை எதுவும் நடத்துவதில்லை. உண்மையிலேயே கல் வாங்கும் எண்ணமிருந்தால், சீலோம் சாலையில் உள்ள ஜெம் அண்ட் ஜுவல்லரி இன்ஸ்டிடியூட் ஆய்வகத்தில் சோதித்துச் சான்று வாங்கிய பிறகே பணம் தருவேன் என்று சொல்லிப் பாருங்கள். நேர்மையான கடை ஒத்துக்கொள்ளும்.

டுக்-டுக்காரருக்கு 20 பாட் எப்படிக் கட்டுபடியாகிறது? கடைக்குள் உங்களை நுழைத்தாலே எரிபொருள் கூப்பனோ கமிஷனோ கிடைக்கிறது. நீங்கள் வாங்கினால் பங்கு. "பத்து நிமிடம் உள்ளே பார்த்துவிட்டு வாருங்கள், வாங்க வேண்டாம், எனக்குப் பெட்ரோல் கிடைக்கும்" என்று வெளிப்படையாகக் கெஞ்சுபவர்களும் உண்டு. அந்த நேர்மையில் மயங்கி உள்ளே போகிறவர்கள்தான் அதிகம் வாங்குகிறார்கள் என்பது எங்கள் கருத்து.

தப்பிக்கும் வழி எளிது. அரண்மனை காலை 8.30 முதல் திறந்திருக்கும், டிக்கெட் மாலை 3.30 வரை, வெளிநாட்டவருக்கு 500 பாட். அரச நிகழ்ச்சிக்காக மூடும் நாட்கள் அபூர்வம், அதையும் வாசலில் இருக்கும் சீருடைக் காவலர்தான் சொல்ல வேண்டும். எனவே யார் என்ன சொன்னாலும் நா பிரா லான் சாலையில் உள்ள முதன்மை வாசல்வரை நடந்து போய்ப் பாருங்கள். 2019இல் திறந்த சனாம் சாய் சுரங்க ரயில் நிலையத்திலிருந்து வந்தால் சுவரை ஒட்டிப் பதினைந்து நிமிட நடை. இந்த நடையில்தான் வெள்ளைச் சட்டைக்காரர்கள் நிற்பார்கள். அரைக்கால் சட்டையோ கையில்லாத சட்டையோ போட்டுக்கொண்டு போனால், வாசலுக்கு முன்பே "உள்ளே விட மாட்டார்கள்" என்று ஒரு கூட்டம் சூழும். அது பொய்யில்லை, உடை விதி உண்மை. ஹோட்டலிலிருந்தே முழுக்கால் சட்டையோ புடவையோ சுடிதாரோ போட்டுக்கொண்டு போனால் அவர்களோடு பேசும் அவசியமே வராது. பக்கத்துச் சனாம் லுவாங் மைதானத்தில் புறாத் தீவனப் பொட்டலத்தைக் கையில் திணிப்பவர்களிடமிருந்து கையை இழுத்துக்கொள்ளுங்கள். தீவனம் கீழே சிந்தியதும் காசு கேட்பார்கள்.

படகு: 5

அரண்மனைக்குப் போக எங்கள் தேர்வு இதுதான். சபான் தக்சின் வான்ரயில் நிலையத்தில் இறங்கினால் சாத்தோர்ன் படகுத்துறை. அங்கே "சுற்றுலாப் படகு மட்டும்தான்" என்று சொல்லித் தனிப்படகுக்கு ஆயிரத்துக்கு மேல் கேட்பவர்களைத் தாண்டி, ஆரஞ்சுக் கொடிப் படகு எங்கே என்று பாருங்கள். தூரம் எவ்வளவானாலும் 16 பாட். படகு கிளம்பியதும் நீளமான தகரக் குழாயைக் கடகடவென்று ஆட்டிக்கொண்டு ஒரு கண்டக்டர் அம்மா வருவார். அந்தக் குழாய்க்குள்தான் சில்லறையும் சீட்டும். இருபது பாட் கொடுத்தாலும் மீதி நான்கைச் சரியாகத் திருப்புவார். தா சாங் துறையில் இறங்கினால் அரண்மனை பக்கம். தா தியனிலிருந்து எதிர்க்கரை வாட் அருண் கோவிலுக்குப் போகும் தோணிக்குச் சில பாட்தான்.

டாம்னோன் சடுவாக் மிதக்கும் சந்தைக்கு டாக்ஸி பேசிப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். டிரைவர்கள் பலர் சந்தைக்குக் கொஞ்சம் முன்னாலுள்ள தனியார் படகுத்துறையில் நிறுத்திவிடுவார்கள். அங்கே படகுக்கு ஆளுக்கு ஆயிரம், இரண்டாயிரம் என்பார்கள். சந்தைக்குள்ளேயே கரையோரம் நடந்து பார்க்கலாம், படகும் அங்கே மலிவு. போனில் வரைபடத்தைத் திறந்து வைத்து, சந்தையின் நடுப்பகுதிவரை கொண்டுபோய் விடச் சொல்லுங்கள்.

மாட்டிக்கொண்டால்

சுற்றுலாக் காவல்துறை எண் 1155, ஆங்கிலத்தில் பேசலாம். டாக்ஸி விவகாரம் என்றால் தரைவழிப் போக்குவரத்துத் துறையின் 1584. பேட்பாங் பக்கத்து மாடி பார்களில் பல ஆயிரம் பாட் பில் வந்து கதவை மறித்தால், கத்தாமல் 1155ஐ அழைத்து ஸ்பீக்கரில் போடுங்கள். பெரும்பாலும் அந்த இடத்திலேயே தொகை இறங்கும். கல் வாங்கிவிட்டவர்கள் தபாலில் அனுப்ப விடாமல் பொட்டலத்தையும் ரசீதையும் கையில் வைத்துக்கொண்டு, அதே நாளில் சுற்றுலாக் காவலரோடு கடைக்குத் திரும்ப வேண்டும். கிரெடிட் கார்டில் கொடுத்திருந்தால் வங்கிக்கும் உடனே சொல்லுங்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு பணம் திரும்பும் வாய்ப்பு மிகக் குறைவு.

டாக்ஸி புகாருக்கு நேரம், இடம், வண்டி எண் மூன்றும் வேண்டும். எண் பலகையில் தாய் எழுத்தும் இருக்கும், அதை வாயால் சொல்லவோ எழுதவோ வராது. எனவே ஏறும்போதே பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். உள்ளே டாஷ்போர்டில் இருக்கும் டிரைவரின் அட்டையையும் எடுங்கள், அவர் பார்க்கும்படியாகவே.